வெப்பப் பரிமாற்றக் கணக்குகளை வரவு செலவாக எழுதிச் செய்வது எப்படி?

30 டிகிரி செல்சியஸில் இருக்கும் 200 கிராம் நீரில், −10 டிகிரியில் இருக்கும் 100 கிராம் பனிக்கட்டியைப் போட்டால் இறுதி வெப்பநிலை என்ன என்ற கணக்கைப் பாடத்தை நன்றாகப் படித்த மாணவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். அவர்களில் பலர் சூத்திரத்தைப் பிழையின்றி எழுதி, பெருக்கலையும் வகுத்தலையும் சரியாகச் செய்து, −8.3 டிகிரி என்று விடை காண்பார்கள். அந்த விடையை நம்பினால், உறைநிலைக்கு எட்டு டிகிரி கீழே 300 கிராம் நீர் திரவமாகவே இருக்கிறது என்று பொருள்படும். எண் கணிதத்தில் தவறே இல்லாமல் இயற்பியலில் இவ்வளவு பெரிய தவறு எப்படி வந்தது என்பதைப் புரிந்துகொண்டால், இந்தப் பாடத்தின் பெரும்பகுதி புரிந்துவிட்டது என்றே சொல்லலாம். இந்தக் கணக்குகளில் கடினமானது சூத்திரம் அல்ல. கடைசியில் பாத்திரத்துக்குள் நீர் இருக்குமா, பனிக்கட்டி இருக்குமா, இரண்டும் இருக்குமா என்று முடிவு செய்வதுதான் கடினம். அந்த முடிவை ஊகத்துக்கு விடாமல், கணக்கே சொல்லும்படி எழுதுகிற ஒரு முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். வெப்பநிலை என்பது ஒரு பொருளின் நிலை. வெப்பம் என்பது வெப்பநிலை வேறுபாட்டின் காரணமாக ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குச் செல்லும் ஆற்றல். சூடான பொருளையும் குளிர்ந்த பொருளையும் சேர்த்து வைத்தால், இரண்டின் வெப்பநிலையும் ஒன்றாகும் வரை ஆற்றல் சூடானதிலிருந்து குளிர்ந்ததற்குச் செல்லும். அதன் பிறகு நிகரப் பரிமாற்றம் நின்றுவிடும். அந்த நிலையைத்தான் வெப்பச் சமநிலை என்கிறோம். அங்கே சமமாக இருப்பது வெப்பநிலை மட்டுமே. இரு பொருள்களும் ஒரே அளவு ஆற்றலைக் கொண்டிருக்கின்றன என்று அதற்குப் பொருள் இல்லை. ஒரே அறையில் நெடுநேரம் கிடக்கும் இரும்புக் கம்பியும் மரக்கட்டையும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. ஆனாலும் இரும்பு நம் கைக்குச் சில்லென்று படுவதற்குக் காரணம், அது கையிலிருந்து வெப்பத்தை விரைவாகக் கடத்திச் செல்வதே. தொடு உணர்வு வெப்பம் செல்லும் வேகத்தைச் சொல்கிறது. வெப்பநிலைமானியோ, தான் எதனுடன் சமநிலை அடைந்ததோ அதன் வெப்பநிலையைச் சொல்கிறது.

நிறைகளைக் கொண்டு மட்டும் சராசரி கண்டால் இறுதி வெப்பநிலை கிடைத்துவிடும் என்று நினைப்பது இயல்பான தவறு. சம கன அளவுள்ள நீரையும் பாதரசத்தையும் வெவ்வேறு வெப்பநிலைகளில் கலக்கும் சோதனை 18ஆம் நூற்றாண்டிலேயே இதைத் தகர்த்துவிட்டது. பாதரசம் நீரைப் போல 13.6 மடங்கு அடர்த்தியானது; ஆனாலும் கலவையின் வெப்பநிலை நீரின் பக்கமே சாய்ந்து நிற்கிறது. அதை வைத்து, ஒவ்வொரு பொருளுக்கும் வெப்பத்தை ஏற்கும் திறன் தனித்தனியானது என்று ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜோசப் பிளாக் தெளிவுபடுத்தினார். ஒரு கிராம் பொருளின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தத் தேவையான ஆற்றலைத் தன்வெப்ப ஏற்புத்திறன் என்கிறோம். நீருக்கு அது 4.18 ஜூல், பனிக்கட்டிக்கு ஏறத்தாழ 2.1, அலுமினியத்துக்கு 0.90, இரும்புக்கு 0.45, தாமிரத்துக்கு 0.385, பாதரசத்துக்கு 0.14. இதை நிறையால் பெருக்கினால் கிடைப்பது அந்தக் குறிப்பிட்ட பொருளின் வெப்ப ஏற்புத்திறன். கணக்கைத் தொடங்கியதுமே ஒவ்வொரு பொருளுக்கும் இந்தப் பெருக்கலைச் செய்து ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். ஏனெனில் யார் பக்கம் விடை சாயும் என்பதை அந்த எண்களே காட்டிவிடும்.

உருகுதல், உறைதல் போன்ற நிலை மாற்றம் இல்லாத எளிய கணக்கு ஒன்றைப் பார்ப்போம். 100 டிகிரியில் இருக்கும் 200 கிராம் தாமிரத்தை 25 டிகிரியில் இருக்கும் 150 கிராம் நீரில் போடுகிறோம். தாமிரத்தின் வெப்ப ஏற்புத்திறன் 200 × 0.385 = 77 ஜூல்; நீருடையது 150 × 4.18 = 627 ஜூல். தாமிரத்தின் நிறை அதிகம் என்றாலும், நீரின் எண் அதைவிட எட்டு மடங்கு பெரிது. எனவே விடை 25 டிகிரியை ஒட்டியே வரும் என்று கணக்குப் போடும் முன்பே சொல்லிவிடலாம். இறுதி வெப்பநிலையை ‘இ’ என்று வைத்தால், தாமிரம் இழந்தது 77 × (100 − இ). நீர் பெற்றது 627 × (இ − 25). இரண்டையும் சமப்படுத்தினால் 704 × இ = 23375, அதாவது இ = 33.2 டிகிரி. சரிபார்க்க இரு பக்கத்தையும் தனித்தனியே கணக்கிட்டுப் பாருங்கள்: தாமிரம் இழந்தது ஏறத்தாழ 5143 ஜூல், நீர் பெற்றதும் அதுவே. இந்தச் சரிபார்ப்புக்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் இதைச் செய்யாமல் விட்டுத்தான் பலர் மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

மேலே உள்ள இரண்டு கோவைகளிலும் அடைப்புக்குறிக்குள் இருப்பது எப்போதும் பெரியதிலிருந்து சிறியது கழிக்கப்பட்ட நேர் எண்ணாகவே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ‘இழந்தது = பெற்றது’ என்று எழுதினால் இப்படித்தான் இருக்க வேண்டும். ‘எல்லா மாற்றங்களின் கூடுதல் சுழி’ என்று எழுதுவதானால் ஒவ்வொன்றிலும் இறுதியிலிருந்து தொடக்கத்தைக் கழிக்க வேண்டும். குறிகள் தாமாக அமையும். இரண்டும் சரியான முறைகளே, ஆனால் ஒரு கணக்குக்குள் இரண்டையும் கலப்பதுதான் குறிப்பிழைகளின் பிறப்பிடம். இன்னொன்றும் உண்டு: வேறுபாடுகளை மட்டும் பயன்படுத்தும்போது செல்சியஸும் கெல்வினும் ஒரே எண்ணைத் தரும், 75 டிகிரி வேறுபாட்டோடு 273ஐக் கூட்டி 348 என்று எழுதிவிடக் கூடாது.

பனிக்கட்டி வந்தால் என்ன மாறுகிறது?

பனிக்கட்டி 0 டிகிரியில் உருகும்போது வெப்பத்தை ஏற்றுக்கொண்டே இருக்கும், ஆனால் வெப்பநிலை உயராது. ஏற்ற ஆற்றல் முழுவதும் மூலக்கூறுகளின் கட்டமைப்பைக் குலைப்பதில் செலவாகிறது. இதை உருகுதலின் உள்ளுறை வெப்பம் என்கிறோம். ஒரு கிராம் பனிக்கட்டிக்கு இது 334 ஜூல். இந்த எண்ணின் பருமனை ஒரு முறை மனத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்கத் தேவையான அதே ஆற்றலைக் கொண்டு ஒரு கிராம் நீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். அதனால்தான் சிறிய பனிக்கட்டித் துண்டும் பெரிய குளிர்ச்சியைத் தருகிறது; அதனால்தான் கணக்கில் இந்த உள்ளுறை வெப்பத்தை மறந்துவிட்டால் விடை சற்றே பிசகாமல் முற்றிலும் தவறிப் போகிறது.

வழக்கமாகக் கற்றுத்தரப்படும் முறையில் ‘முழுவதும் உருகிவிடும்’ என்று எடுத்துக்கொண்டு சமன்பாடு எழுதி, விடை பொருந்தாவிட்டால் திரும்பத் தொடங்குவோம். நான் பரிந்துரைக்கும் முறை வேறு. 0 டிகிரியில் உள்ள திரவ நீரை ஆற்றலின் சுழிப் புள்ளியாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரவு அல்லது கடன் எழுதுங்கள். 0 டிகிரிக்கு மேலுள்ள நீர், சுழிக்கு இறங்கி வரும்போது ஆற்றலைக் கொடுக்கும். எனவே கிராமுக்கு 4.18 × வெப்பநிலை என்பது வரவு. 0 டிகிரியில் உள்ள பனிக்கட்டி, சுழிக்கு வந்து சேர 334 ஜூல் வேண்டி நிற்கிறது. எனவே கிராமுக்கு −334 என்பது கடன். −10 டிகிரியில் உள்ள பனிக்கட்டிக்கு அதோடு 21 ஜூலும் சேர்ந்து −355 ஆகிறது. 100 டிகிரியில் உள்ள நீராவிக்கு, குளிர்ந்து திரவமாகும்போது விடுபடும் 2260 ஜூலும், அதன் பின் 100 டிகிரி இறங்கும்போது விடுபடும் 418 ஜூலும் சேர்ந்து கிராமுக்கு 2678 ஜூல் வரவு. வெப்பம் வெளியே கசியாத பாத்திரத்தில் இவற்றின் கூட்டுத்தொகை கலப்பதற்கு முன்னும் பின்னும் மாறாது. அந்தக் கூட்டுத்தொகையை ‘கூ’ என்போம்.

இனி பாத்திரத்தில் என்ன இருக்கும் என்பதைக் ‘கூ’வே சொல்லிவிடும். உள்ளே இருப்பது நீரும் பனிக்கட்டியும் மட்டும் என்று கொள்வோம். கூ நேர் எண்ணானால் எல்லாம் திரவம். மொத்த வெப்ப ஏற்புத்திறனால் அதை வகுத்தால் இறுதி வெப்பநிலை வரும். கூ எதிர் எண்ணாக இருந்து, ஆனால் மொத்த நிறையை 334ஆல் பெருக்கி வரும் கடனைவிடச் சிறிய கடனாக இருந்தால், பனிக்கட்டியும் நீரும் 0 டிகிரியில் சேர்ந்தே இருக்கும்; அந்தக் கடனை 334ஆல் வகுத்தால் எஞ்சியுள்ள பனிக்கட்டியின் நிறை கிடைக்கும். கடன் அந்த எல்லையையும் தாண்டினால் எல்லாம் பனிக்கட்டி. தாண்டிய பகுதியைப் பனிக்கட்டியின் வெப்ப ஏற்புத்திறனால் வகுத்தால் சுழிக்குக் கீழே எத்தனை டிகிரி என்று தெரியும்.

முதலில் 50 கிராம் பனிக்கட்டியோடு செய்து பார்ப்போம். 30 டிகிரியில் 200 கிராம் நீரின் வரவு 200 × 4.18 × 30 = 25080 ஜூல். −10 டிகிரியில் 50 கிராம் பனிக்கட்டியின் கடன் 50 × 355 = 17750 ஜூல். கூ = 7330. நேர் எண், எனவே எல்லாம் உருகிவிட்டது. 250 கிராம் நீரின் வெப்ப ஏற்புத்திறன் 1045 ஜூல்; வகுத்தால் 7.0 டிகிரி.

இனி நாம் தொடங்கிய 100 கிராம் கணக்கு. நீரின் வரவு அதே 25080. பனிக்கட்டியின் கடன் 35500. கூ = −10420 ஜூல். மொத்த நிறையான 300 கிராமுக்குரிய எல்லை −100200. கூ அதற்கு மிகவும் உள்ளேயே இருக்கிறது. ஆகவே இறுதி வெப்பநிலை சரியாக 0 டிகிரி; எஞ்சிய பனிக்கட்டி 10420 ÷ 334 = 31.2 கிராம், நீர் 268.8 கிராம். இப்போது அந்த −8.3 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். மாணவரும் இதே −10420க்குத்தான் வந்து சேர்ந்தார். ஆனால் அதை 300 கிராம் நீரின் வெப்ப ஏற்புத்திறனாகிய 1254ஆல் வகுத்தார்; 334ஆல் வகுத்திருக்க வேண்டும். எதிர்க்குறி, ‘உருகாத பனிக்கட்டி இன்னும் இருக்கிறது’ என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் அதை வெப்பநிலை என்று எடுத்துக்கொண்டார். தவறான விடையில்கூட இவ்வளவு செய்தி அடங்கியிருப்பதால், பொருந்தாத எண் வந்தவுடன் அழித்துவிடாமல், அது என்ன சொல்கிறது என்று ஒரு கணம் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

மூன்றாவது வகை அரிதாகவே கேட்கப்படும், ஆனால் முறை அதற்கும் பொருந்தும். −20 டிகிரியில் 500 கிராம் பனிக்கட்டியின் மேல் 0 டிகிரியில் உள்ள 10 கிராம் நீரை ஊற்றுகிறோம். நீரின் பங்கு சுழி; பனிக்கட்டியின் கடன் 500 × 376 = 188000. எல்லை 510 × 334 = 170340. கடன் எல்லையை 17660 ஜூல் தாண்டிவிட்டது, எனவே ஊற்றிய நீர் முழுவதும் உறைந்துவிடும். 17660ஐ 510 × 2.1 = 1071ஆல் வகுத்தால் இறுதி வெப்பநிலை −16.5 டிகிரி. குளிர்ந்த பொருளில் ஊற்றப்பட்ட நீர் உறைந்தபடியே அதைச் சூடாக்குகிறது என்பது முதலில் கேட்பதற்கு வியப்பாக இருக்கும். உறையும் நீர் வெப்பத்தை வெளியிடுகிறது என்பதன் நேரடி விளைவுதான் அது.

நீராவிக் கணக்கு இதைவிட எளிது. 20 டிகிரியில் உள்ள 200 கிராம் நீருக்குள் 100 டிகிரி நீராவி 10 கிராம் செலுத்தப்படுகிறது. நீரின் வரவு 16720, நீராவியின் வரவு 26780, கூ = 43500 ஜூல். 210 கிராம் நீர் 100 டிகிரியில் திரவமாக வைத்திருக்கக்கூடியது 87780 ஜூல். கூ அதைவிடக் குறைவு, எனவே நீராவி எதுவும் மிஞ்சாது. 877.8ஆல் வகுத்தால் 49.6 டிகிரி. நீராவிக்குப் பதிலாக அதே 10 கிராம், 100 டிகிரி கொதிநீராக இருந்திருந்தால் விடை 23.8 டிகிரிதான். கொதிநீரைவிட நீராவி பட்ட தீக்காயம் ஏன் கடுமையானது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதுமான விளக்கம்.

ஆய்வகத்தில் செய்யும்போது

தாளில் போடும் கணக்கில் வெப்பம் எங்கும் கசிவதில்லை, வெப்பத்தை அளக்கப் பயன்படும் பாத்திரமாகிய கலோரிமீட்டரில் கசியும். கலவை முறையில் ஓர் உலோகத்தின் தன்வெப்ப ஏற்புத்திறனைக் காணும் சோதனையில், பாத்திரமும் வெப்பம் ஏற்கிறது என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். 60 கிராம் தாமிரக் கலோரிமீட்டரில் 27.0 டிகிரியில் 100 கிராம் நீர் இருக்கிறது, 98.0 டிகிரியில் இருக்கும் 120 கிராம் இரும்புத் துண்டைப் போட்டதும் வெப்பநிலை 34.5 டிகிரிக்கு உயர்கிறது என்று கொள்வோம். நீரின் வெப்ப ஏற்புத்திறன் 418, கலோரிமீட்டருடையது 23.1, மொத்தம் 441.1 ஜூல். 7.5 டிகிரி உயர்வுக்கு ஏற்ற வெப்பம் 3308 ஜூல். இரும்பு 63.5 டிகிரி இறங்கியிருக்கிறது; 120 × 63.5 = 7620. வகுத்தால் 0.434. கலோரிமீட்டரை விட்டுவிட்டிருந்தால் 0.411 என்று வந்திருக்கும். இரும்பின் மதிப்பு 0.45 என்பதால், பாத்திரத்தைச் சேர்த்துக்கொண்ட விடை உண்மைக்கு நெருங்குகிறது. ஆனாலும் குறைவாகவே இருக்கிறது. கொதிநீரிலிருந்து கலோரிமீட்டருக்குக் கொண்டுவரும் வழியில் துண்டு சற்றே குளிர்ந்திருந்தால் இப்படித்தான் வரும்.

அந்தக் குறையைத் தவிர்க்கத் துண்டை விரைந்து தூக்கிப் போடும் அவசரத்தில் இதற்கு நேர்மாறான பிழை ஒன்று நுழைந்துவிடுகிறது. துண்டின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் கொதிநீரின் அளவு ஒரு கிராம் என்று வையுங்கள். அந்த ஒரு கிராம் 98லிருந்து 34.5 டிகிரிக்கு இறங்கும்போது 265 ஜூல் கொடுக்கிறது. அது முழுவதும் உலோகத்தின் கணக்கில் ஏறி, விடையை 0.035 அளவுக்கு உயர்த்திவிடும். அதாவது ஏறத்தாழ இருபது துளிகள் ஒட்டியிருந்தாலே போதும், 0.434 என்று வர வேண்டியது 0.469 ஆகிவிடும். எனவே நூலில் கட்டிய துண்டை நீருக்கு மேலே தூக்கி, ஒரு முறை உதறிவிட்டு உடனே கலோரிமீட்டருக்குள் இறக்குவதே நடைமுறையில் நல்ல வழி. நீர் தெறிக்காமல் இறக்க வேண்டும், ஏனெனில் தெறித்த நீரும் நிறைக்கணக்கைக் கெடுக்கும். உலோகத்தை நீரில் நனையாமல் நீராவி சூழ்ந்த குழாய்க்குள் வைத்துச் சூடாக்கும் கருவி கிடைத்தால் இந்தச் சிக்கலே எழாது.

சுற்றுப்புறத்துக்கு வெப்பம் கசிவதை முற்றிலும் தடுக்க முடியாது. ஆனால் அதை ஈடுகட்ட முடியும். நீரை அறை வெப்பநிலைக்குச் சில டிகிரி கீழே தொடங்கி, இறுதி வெப்பநிலை அறை வெப்பநிலைக்கு ஏறத்தாழ அதே அளவு மேலே முடியும்படி நீரின் அளவைத் தேர்ந்தெடுத்தால், முதல் பாதியில் அறையிலிருந்து ஏற்பதும் இரண்டாம் பாதியில் அறைக்கு இழப்பதும் பெருமளவு ஒன்றையொன்று சரிக்கட்டும். வெப்பம் கசியும் வீதம் வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது என்ற நியூட்டனின் குளிர்வு விதிதான் இதற்கு அடிப்படை.

கடைசியாக, இறுதி வெப்பநிலையை எப்படி வாசிப்பது என்பதிலும் கவனம் வேண்டும். துண்டை இறக்கியதிலிருந்து கலக்கியை நிறுத்தாமல் மெதுவாக அசைத்துக்கொண்டே, அரை நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையைக் குறித்து வாருங்கள். கலக்காவிட்டால் துண்டைச் சுற்றியுள்ள நீர் ஒரு வெப்பநிலையிலும் மேற்பரப்பு நீர் வேறொன்றிலும் இருக்கும். அப்போது வெப்பநிலைமானியின் குமிழ் தான் நிற்கும் இடத்தை மட்டுமே சொல்லும். எண்கள் ஏறி, உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல இறங்கத் தொடங்கும். இறங்கத் தொடங்கிய பிறகும் ஐந்து நிமிடமாவது குறிப்பதைத் தொடருங்கள். வரைபடத்தாளில் அந்த இறங்கு பகுதி கிட்டத்தட்ட நேர்கோடாக அமையும். அளவுகோலை அதன் மேல் வைத்து, துண்டு நீரைத் தொட்ட கணம் வரை பின்னோக்கி நீட்டினால், கோடு அந்தக் கணத்தில் காட்டும் வெப்பநிலை, உச்சமாக வாசித்ததைவிடச் சற்றே அதிகமாக இருக்கும். சமன்பாட்டில் இட வேண்டிய இறுதி வெப்பநிலை அதுவே.